கடற்சீற்றமும் சொல்லாட்சியும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலொடு கலக்கும் இடங்களுக்கு நடுவே அமைந்தது பிச்சாவரம். சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் செறிந்த அலையாத்திக் காடு அங்கே உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராத் தீவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. காட்டின் பின்புறத்து ஊர்களில் அழிவு குறைவு. கடலை நோக்கியிருந்த குப்பங்களோ பல உயிர்களை இழந்தன.

இத்தகைய பேரிடரை எழுதுவோர் கருதத்தக்கவை இரண்டு. அவை சொற்றொடர் அமைப்பும் அணியும் ஆகும்.

தமிழில் வினையெச்சங்களை அடுக்கி, வினைமுற்றை இறுதியில் வைத்தல் இயல்பு. “அலை எழுந்து, சுருண்டு, மணல்மேட்டைக் கடந்து, படகுகளைப் புரட்டிக் குடிசைகளுள் புகுந்தது” என்னும் தொடரில் இளைப்பாற இடமில்லை; படிப்பவரும் அலையொடு ஓடுகின்றார். அதன்பின், “நீர் வடிந்தது. ஊர் இல்லை” என்று எழுதினால், அக்குறுந்தொடர்களே வெறுமையைக் காட்டிவிடும்.

1916ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியில் வீசிய புயலைப் பாரதியார் பாடினார். இரவில் கணவனும் மனைவியும் பேசும் உரையாடலாக அப்பாட்டை அமைத்தார். புயலின் பேருருவம் அவ்விருவர் அச்சத்தின் வாயிலாகவே நமக்குப் புலனாகின்றது.

இனி, அணியை நோக்குவோம். இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது தற்குறிப்பேற்ற அணி. “கடல் சினந்து பொங்கியது” என்பது அவ்வணியின்பாற்படும். மணிமேகலைக் காப்பியமோ சினத்தை ஒரு தெய்வத்தின்மேல் வைக்கின்றது. மகனை இழந்த சோழ மன்னன் துயரால் இந்திர விழாவை மறந்தான். அதனால் தெய்வம் சினந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது அதன் கூற்று. காப்பியத்திற்கு அது பொருந்தும். ஆயின், மகவைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயின் முன் நின்று, “கடல் சினந்தது” என்று உரைக்கலாமோ? சினம் என்றவுடன், “யார் செய்த பிழை?” என்னும் வினா எழும். அவள் செய்த பிழை யாது?

ஆங்குத் தன்மை நவிற்சியே தக்கது. “ஊன்றி நின்ற வேர்களில் மோதி மோதி நீர் விசை குறைந்தது” என்பது உள்ளதை உள்ளவாறே உரைக்கின்றது, உள்ளத்தையும் தொடுகின்றது. துயரத்தை ஆரவாரமாக்காது, அளவறிந்து கூறுதலே மாண்டார்க்கு எழுத்தாளர் செய்யும் மரியாதையாகும்.

பயிற்சி

1. தற்குறிப்பேற்ற அணி யாது? பேரிடரை எழுதுங்கால் அதனை ஆளும் முறை குறித்து எழுதுக.
2. நீங்கள் கண்ட பெருமழையை வினையெச்சங்கள் அடுக்கிய ஒரு நெடுந்தொடராலும், இரண்டு குறுந்தொடர்களாலும் வருணிக்க.