மூளையைப் படமாக்கும் கணக்கு

வகுப்புப் படம் எடுக்கும் நாளில் "அசையாதீர்கள்" என்று புகைப்படக்காரர் எத்தனை முறை சொன்னாலும் யாரேனும் ஒருத்தி அசைந்துவிடுவாள். அவள் முகம் மட்டும் கலங்கித் தெரியும். நாமும் சிரித்து மறந்துவிடுவோம். ஆனால், கலங்கியது ஒரு நோயாளியின் மூளைப் படமானால்?

மூளைக் கட்டியை அகற்றும் முன், பேச்சுக்குரிய பகுதி எங்கே உள்ளது என்று மருத்துவர் அறிய வேண்டும். தவறினால், பிழைத்தவர் பேச்சை இழக்க நேரிடலாம். இதை அறிய உதவுவது செயல்நிலை எம்.ஆர்.ஐ. மூளையில் வேலை செய்யும் பகுதிக்குப் பிராணவாயு நிறைந்த இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. பிராணவாயுவை இழந்த ஹீமோகுளோபின் காந்தப் புலத்தைச் சற்றே கலைக்கும். பிராணவாயு ஏற்றது அவ்வாறு கலைக்காது. இவ்வேறுபாட்டைப் படத்தில் காணலாம் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா குழுவினர் காட்டினர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கருவி நேராகப் படம் பிடிப்பதில்லை. வானொலி அலைகளையே பெறுகிறது. அவற்றைக் கணக்கிட்டே படம் உருவாக்கப்படுகிறது. மூளையின் செயலால் வரும் மாற்றமோ நூற்றில் சில பங்குதான். தலை சிறிது அசைந்தாலும் படம் கலங்கும். மூக்கையும் காதையும் ஒட்டிய காற்றறைகளால் படம் கோணும். ஆகவே, காந்தப் புலம் எங்கெங்கே மாறியுள்ளது என்று தனியே அளந்து, கணிப்பொறி கோணலைத் திருத்துகிறது. தலையைச் சுற்றிப் பல கம்பிச்சுருள்களும் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் தன் அருகிலுள்ள பகுதியின் அலையை நன்கு பெறும். அவற்றை இணைத்துக் கணக்கிட்டால், குறைந்த அளவீடுகளிலேயே முழுப்படம் விரைவில் கிடைக்கும்.

உடலின் உட்புறத்தைக் கணக்கால் காணும் இக்கலையில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளுருவை விரைவாகக் கணக்கிடும் வழி அதில் இருந்தது. 'ராம்-லக்' என்று அவ்விருவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. பல கோணங்களை ஒன்றுசேர்க்கும் முறையிலேயே 1973-இல் பால் லாட்டர்பர் முதல் காந்தப் படங்களை வெளியிட்டார்.

நம் ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மூளை நோய்க்குப் புகழ்பெற்ற நிம்ஹான்ஸ் மருத்துவமனை அங்கே ஓசூர் சாலையிலேயே உள்ளது. நம் தந்தையர் பணிபுரியும் தொழிற்சாலையில் இழையளவு பிசகினாலும் உதிரிப்பாகம் பொருந்தாது. மூளைப் படத்தில் அந்த இழையளவு ஒருவரின் பேச்சாகும். "கணக்குப் பாடம் எதற்கு?" என்று சலித்துக்கொள்ளும் தோழியரே, விடை இதுதான்.