ஒரே கம்பெனி, ஊருக்கு ஒரு கணக்கு

பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பள்ளியிலிருந்து நமது சங்கத்துக்கு அழைப்பு வந்தது. எட்டாம் வகுப்பில் ஆங்கிலேயர் வருகை பற்றிய பாடம் நடக்கிறது, வியாபாரிகள் யாராவது வந்து ஒரு பீரியடு பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் நாம். சரித்திரம் பேச நமக்கு என்ன தகுதி என்று முதலில் தயங்கினோம். ஆனால் ஆங்கிலேயர் இங்கே வந்ததே மொத்த வியாபாரத்துக்குத்தானே! அதைப் பற்றி ஒரு மொத்த வியாபாரி நாலு வார்த்தை பேசினால் தவறில்லை என்று துணிந்து போனோம். அங்கே பேசியது சங்க அன்பர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

பிள்ளைகள் ஆண்டுகளை மளமளவென்று ஒப்பித்தார்கள். 1600 கம்பெனி ஆரம்பம், 1639 சென்னை, 1690 கல்கத்தா என்று ஒன்றும் பிசகவில்லை. "சென்னையில் ஏன் கடை போட்டான்? கல்கத்தாவில் ஏன் போட்டான்?" என்று கேட்டோம். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வந்து, ஒரே மாதிரி கோட்டை கட்டி, ஒரே மாதிரி பிடித்துக்கொண்டார்கள் என்றே பாடம் மனதில் பதிந்துவிடுகிறது. நடந்தது அப்படியல்ல.

மாதிரிப் பொட்டலங்கள்

சரக்கு பேசப் போகும்போது மாதிரி கொண்டுபோவது நம் வழக்கம். அன்றும் கொண்டுபோனோம். ஒன்றில் மிளகு. ஒன்றில் சத்திரப்பட்டித் தறித்துணி. ஒன்றில் அவுரி. நாலாவது பொட்டலம் காலி; மேலே 'வெடியுப்பு' என்று மட்டும் எழுதியிருந்தோம். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோவது முறையல்ல. சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வெடியுப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்தினோம். அந்தக் காலத்து 'ஃபாக்டரி' என்பது இராஜபாளையத்து மில் மாதிரி இயந்திரம் ஓடும் இடமல்ல. சரக்கு வாங்கி அடுக்கும் கிடங்கு, ஏஜெண்டு தங்கும் வீடு, கணக்கு எழுதும் அறை, இவை சேர்ந்த பண்டகசாலைதான் அது. 'ஃபாக்டர்' என்றாலே ஏஜெண்டு என்று பொருள். கப்பல் வந்தபின் சரக்குத் தேடினால் விலை ஏறிவிடும். முன்கூட்டியே பணம் கொடுத்து, வாங்கி அடுக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். நம் கடைத்தெரு அறிந்த கணக்குதான்.

பிறகு, ஒவ்வோர் ஊருக்கும் மூன்று கேள்வி கேட்கச் சொன்னோம். அங்கே என்ன சரக்கு? இடம் கொடுத்தது யார்? உள்ளூரில் பணம் போட்டது யார்?

ஊர் ஊராகப் பார்த்தால்

சூரத்தில் அவுரியும் பருத்தித் துணியும் சரக்கு. 1613-இல் மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீரின் ஃபர்மான் கிடைத்தது. அது ஏற்கனவே பெரிய துறைமுகம். பல தேசத்து வியாபாரிகள் இருந்தார்கள். கம்பெனியும் அங்கே பலரில் ஒருவர்தான். மொகலாயர் பலத்துக்கு முன்னால் கோட்டை கட்டுகிற பேச்சுக்கு இடமில்லை. வீர்ஜி வோரா என்ற சூரத் வியாபாரியிடம் கம்பெனியே கடன் வாங்கியது. இதைப் பிள்ளைகள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னோம். அன்று கடன்பட்டவன் வெள்ளைக்காரன்.

சென்னையின் கதை வேறு. பெரிய துறைமுகம் எதுவும் அங்கே கிடையாது, மணல் கரைதான். பிரான்சிஸ் டே அந்த இடத்தை விரும்பியதற்குக் காரணம் துணி. மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது மலிவாகக் கிடைக்கும் என்பது அவர் சொன்ன கணக்கு. தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் 1639-இல் இடம் கொடுத்தார். கம்பெனிச் சரக்குக்குச் சுங்கம் இல்லை, கோட்டை கட்டிக்கொள்ளலாம் என்பது சலுகை. பேச்சுவார்த்தைக்குத் துணை நின்ற துபாஷி பேரி திம்மப்பா. பின்னாளில் காசி வீரண்ணா என்ற வியாபாரி மற்ற வியாபாரிகளோடு கூட்டு முதல் சேர்த்து, கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுத்தார். அவர் 1680-இல் காலமானார். பங்கு சேர்த்து வியாபாரம் செய்யும் வித்தை வெள்ளைக்காரனுக்கு மட்டும் தெரிந்ததல்ல என்பதற்கு இது சாட்சி.

கடலூரில் கம்பெனி 1690-இல் மராத்தியரிடம் கோட்டையை விலைக்கே வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் கம்பெனிக்கு என்பது பேச்சு. இன்றும் அவற்றைக் குண்டு கிராமங்கள் என்பார்கள். நாம் துணியை மீட்டரால் அளக்கிறோம். அவர்கள் நிலத்தைப் பீரங்கியால் அளந்தார்கள் என்றதும் வகுப்பே சிரித்தது.

பம்பாய் சீதனமாக வந்தது. போர்த்துகீசிய இளவரசியை மணந்த இங்கிலாந்து அரசருக்கு 1661 திருமண ஒப்பந்தப்படி கிடைத்தது. அவர் 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கம்பெனிக்கு விட்டுவிட்டார். கல்கத்தா ஆற்றங்கரை ஊர். பட்டும் மஸ்லினும் வெடியுப்பும் அங்கே சரக்கு. பாட்னாப் பக்கத்து வெடியுப்பு கங்கை வழியே படகில் இறங்கி வரும்.

பிளவக்கல் அணைக்கரையில் நின்றால் மேற்கே மலை தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் மிளகுச் சீமை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில், ஆற்றிங்கல் ராணியின் அனுமதியோடு 1690-களில் கோட்டை எழுந்தது. அங்கே உள்ளூர்க்காரர்களோடு உரசல் முற்றி, 1721-இல் கம்பெனியார் பலர் கொல்லப்பட்டார்கள். எல்லா ஊரும் கும்பிட்டு இடம் கொடுக்கவில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அதே காலத்தில் அமெரிக்காவில்

இதே இங்கிலாந்திலிருந்து மேற்கே அமெரிக்காவுக்குப் போனவர்களிடமும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. 1607-இல் வர்ஜீனியாவில் இறங்கியதும் ஒரு பங்குக் கம்பெனிதான். புகையிலை அங்கே பணப்பயிரானது. 1620-இல் வடக்கே பிளிமத்தில் தங்கள் மத வழக்கப்படி வாழக் குடியேறினார்கள். அங்கே குளிரும் கல் நிலமும். மீன், மரம், கப்பல் கட்டுதல் என்று பிழைப்பு அமைந்தது. நடுவில் இருந்த பகுதிகளில் கோதுமை விளைந்தது. அங்கே குடியிருக்கப் போனார்கள். பூர்வகுடிகளின் நிலம் போயிற்று. இங்கே சரக்கு வாங்க வந்தார்கள். நாமே நெய்து, விளைவித்துக் கொடுத்தோம்.

இரண்டையும் இணைக்கும் ஒரு மனிதர் எலிஹு யேல். அமெரிக்காவில் பாஸ்டனில் பிறந்தவர். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரப் புகார்களில் பதவி இழந்தார், பெரும் பணத்தோடு ஊர் திரும்பினார். 1718-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய துணி முதலிய சரக்குச் சிப்பங்கள் 562 பவுனுக்கு விற்றன. அதுதான் இன்று அவர் பெயர் தாங்கிய யேல் பல்கலைக்கழகம். சென்னையில் சேர்ந்த பணம் எங்கே போய்க் கல்வியானது பாருங்கள்!

நம் சீமைக்கு எப்படி வந்தான்?

இதற்குள் ஒரு மாணவி எழுந்து, "நம்ம ஊருக்கு என்ன சரக்கு வாங்க வந்தாங்க ஐயா?" என்று கேட்டாள். நாம் காத்திருந்த கேள்வி அது.

நம் பக்கத்துக்கு ஆங்கிலேயர் சரக்கு வாங்க வரவில்லை. தூத்துக்குடிக் கடை 1658 முதல் டச்சுக்காரர் கையில் இருந்தது. ஆங்கிலேயர் இங்கே வந்தது வசூலுக்கு.

ஆற்காட்டு நவாப் முகமது அலி ஆங்கிலப் படையின் துணையால் பதவிக்கு வந்தவர். படைச்செலவு அவர் பற்றில் ஏறியது. அதைக் கட்டக் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். ஈடாக நிலவரி வருமானத்தை எழுதிக்கொடுத்தார். வட்டி ஏற ஏற, வரிப் பாக்கி கேட்டுப் படை தெற்கே வந்தது. 1755-இல் கர்னல் ஹெரான் நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு மதுரைக்கும் நெல்லைக்கும் வந்தார். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கட்ட மறுத்து எதிர்த்து நின்றார். 1792 ஒப்பந்தத்தில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையே கம்பெனிக்குப் போய்விட்டது. 1798-இல் பாக்கிக்காகக் கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் ஊர் ஊராக அலையவிட்டது சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான். "நம்ம சேத்தூரா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அதுவரை புத்தகத்தில் இருந்த பாடம் அப்போது பஸ் போகும் ரோட்டுக்கு வந்துவிட்டது. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. 1801-இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி நிர்வாகத்துக்குள் போயிற்று.

சூரத்தில் கடன் வாங்கியவன், நூற்றைம்பது ஆண்டில் கடன் கொடுத்தவனாகி, ஈட்டுக்கு நாட்டையே எடுத்துக்கொண்டான். பீரங்கி இதற்குத் துணை. ஆனால் பீரங்கிக்கு வழி விட்டது பற்று ஏடு. நடுவில் நின்ற துபாஷிகளும் தரகர்களும் நம்மவர்கள். அவர்களில் நேர்மையானவரும் உண்டு, கமிஷனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டவரும் உண்டு. வியாபாரிகளாகிய நாம் இதை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊர்ப் பள்ளிகள் அழைத்தால் தயங்காமல் போங்கள். ஓர் இந்தியா வரைபடமும் நாலு மாதிரிப் பொட்டலமும் போதும். ஒவ்வோர் ஊரின்மேலும் அதன் சரக்கை வைக்கச் சொல்லுங்கள். நம் ஊருக்கு வரும்போது பொட்டலம் எதுவும் வேண்டாம். ஒரு கணக்கு நோட்டை வையுங்கள். அந்த வகுப்பில் அப்படித்தான் முடித்தோம். மணி அடித்த பிறகும் நாலைந்து பிள்ளைகள் வரைபடத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.