புது வீடியோ செயலிக்குள் போகும் முன்

புதிய வீடியோ செயலி ஒன்று சோதனைப் பதிப்புக்கு அழைக்கும்போது மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய கணக்கை விட்டுவிட்டு முழுதாக அங்கே போய்விடலாம், அது நிலைபெறும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் பழையதையும் வைத்துக்கொண்டு அங்கேயும் சிலவற்றைப் போட்டுப் பார்க்கலாம். பலரும் ஃபில்டர், எடிட்டிங், இசைத் தொகுப்பு ஆகியவற்றை ஒப்பிட்டே முடிவெடுக்கிறார்கள். சோதனைக் கட்டத்தில் இவை அடிக்கடி மாறும். முதலில் கேட்க வேண்டியது வேறு: போட்ட வீடியோவை முழுத் தரத்தில் திரும்ப எடுக்க முடியுமா?

இந்தத் துறையில் நடந்தவற்றைப் பார்த்தாலே காரணம் விளங்கும். ஆறு விநாடி வீடியோக்களுக்குப் பேர்போன வைன் 2013 ஜனவரியில் வந்தது. வெளிவருமுன்பே ட்விட்டர் அதை வாங்கியிருந்தது. பெரிய நிறுவனம் பின்னால் இருந்தும் 2016 அக்டோபரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். வீடியோக்களை இறக்கிக்கொள்ள அவகாசமாவது கிடைத்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது அந்த அவகாசமும் இல்லை. போனில் பிரதி வைத்திருந்தவர்களுக்கே உழைப்பு மிஞ்சியது. பின்தொடர்ந்தவர்களை அவர்களாலும் கூட்டிவர முடியவில்லை. அந்த வெற்றிடத்தில் ஜூலையிலேயே மோஜ் வந்தது, ரீல்ஸ் இந்தியாவில் சோதனையாக ஓடியது. எம்எக்ஸ் டகாடக்கும் போட்டியில் இருந்தது. 2022இல் அது மோஜுடன் இணைவதாக அறிவிப்பு வந்தது. எது நிலைக்கும் என்று 2020இல் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

முந்திப் போனவருக்குத்தானே இடம் கிடைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூட்டம் குறைவாக இருக்கும்போது புதியவர் எளிதில் கண்ணில் படுவார். பாடகர் ஷான் மெண்டிஸ் வைனில் பாட்டுத் துணுக்குகள் போட்டுத்தான் கவனம் பெற்றார். ஆனால் வைன் மூடுவதற்குள் அவருடைய பாட்டு ஆல்பமாகவும் மேடை நிகழ்ச்சிகளாகவும் வளர்ந்திருந்தது. முந்திப் போவதில் பலன் உண்டு, அங்கே மட்டுமே இருப்பதில்தான் ஆபத்து என்பதற்கே இது சான்றாகிறது.

ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தால் புதிய நிறுவனம் எப்படி வளரும் என்பது இன்னொரு மறுப்பு. நிறுவனத்துக்கு நாம் தர வேண்டியது உண்மையான பயன்பாடும் வெளிப்படையான கருத்தும். நம்மிடம் உள்ள ஒரே பிரதியை அல்ல. 2005இல் யூடியூபைத் தொடங்கியவர்கள் துணை தேடுவோரின் வீடியோக்களை மனத்தில் வைத்திருந்தார்கள். பயனர்கள் விரும்பியதையெல்லாம் ஏற்றியதால்தான் தளம் தன் வழியைக் கண்டது. ஆகவே அந்தச் செயலிக்கென்றே சில வீடியோக்களை அக்கறையோடு எடுங்கள். மூலக் கோப்பு உங்கள் கணினியிலோ ஹார்ட் டிஸ்கிலோ இருக்கட்டும்.

ஐபோனில் டெஸ்ட்ஃபிளைட் வழியாக வரும் ஒவ்வொரு சோதனைப் பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும். எனவே செயலிக்குள் மட்டும் டிராஃப்ட் வைத்திருக்க வேண்டாம். வீடியோவை நீங்கள் அழித்த பிறகும் அதைப் பயன்படுத்தும் உரிமம் நிறுவனத்திடம் இருக்குமா என்று விதிமுறையில் பாருங்கள். போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்கச் செயலி அனுமதி கேட்டால் மறுத்துவிட்டு, அதன் பிறகும் அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலோருக்கு நான் மூன்றாம் வழியையே சொல்வேன். வீடியோ வருமானத்தில் குடும்பம் ஓடுகிறது என்றாலோ, வீடியோவில் குழந்தைகள் வருகிறார்கள் என்றாலோ காத்திருப்பதே சரி. எங்கும் பார்வையாளர் இல்லாத புதியவர் முழுதாகவே போகலாம், பதிவிறக்கப் பொத்தான் வேலை செய்கிறதா என்று முதல் வீடியோவிலேயே சோதித்துவிட்டு.