லயத்துத் தீபாவளி: எதை எடுப்பது, எதை விடுவது?

தீபாவளிக்கு இரண்டு நாளைக்கு முன் அட்டன் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பையும் பெட்டியுமாக வந்து இறங்குவார்கள். தோட்டத்தில் பண்டிகை முற்பணம் கைக்கு வந்திருக்கும். அது பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படும் காசு. அதனாலேயே எதைக் கடையில் வாங்குவது, எதை வீட்டில் செய்வது என்ற கணக்கு லயங்களில் நெடுநேரம் நடக்கும். அந்தக் கணக்கில் உடம்பையும் ஒரு வரியாகச் சேர்த்தால் என்ன?

முதல் கேள்வி பலகாரம். முறுக்கும் அதிரசமும் வீட்டில் சுடுவதா, டவுனில் வாங்குவதா? வீட்டுப் பலகாரத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: எண்ணெய் புதிதா பழையதா என்பது சுடுகிறவருக்குத் தெரியும். கடைச் சட்டியில் அதே எண்ணெய் எத்தனை நாளாகக் கொதிக்கிறது என்பது கடைக்காரருக்கு மட்டுமே வெளிச்சம். இதை வைத்து ‘வீட்டில் செய்வதே நல்லது’ என்று பத்திரிகைகள் எளிதாக எழுதிவிடுகின்றன. யார் செய்வது என்று அவை கேட்பதில்லை. நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று நிறை கேட்கும் தோட்டத்தில், காலைப் பெரட்டு முதல் பின்னேரம் வரை மலையில் நின்று கொழுந்தெடுத்தவள் இரவில் அடுப்படியில் நிற்கிறாள். சிறிய காம்பராவில் விறகுப் புகை வெளியேற வழியில்லை. விறகடுப்புப் புகையால் நுரையீரல் நோயும் இதய நோயும் வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அந்தப் பெண்ணின் இடுப்பையும் நெஞ்சையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டுப் பலகாரம் அவ்வளவு ‘ஆரோக்கியம்’ இல்லை.

ஆகவே இரண்டு வகையோடு நிறுத்துவது நல்லது. ஐந்து வகை சுட்டு மூன்றை அடுத்த வாரம் வரை டின்னில் வைத்துக் கொறிப்பதில் யாருக்கும் லாபமில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, மழை விட்ட பகல் பொழுதில் வாசலில் ஒரே அடுப்பு மூட்டினால் விறகும் மிச்சம், புகையும் குறைவு. முறுக்கு உரலை அழுத்தக் கைப்பலம் வேண்டும். வீட்டு ஆண்களுக்கு அது பொருத்தமான வேலை. மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் ஆவியில் வேகும் கொழுக்கட்டை இருக்கிறது. அல்லது கடலை அவித்துத் தாளித்தாலும் போதும்.

எண்ணெயில் எது? தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பாம் எண்ணெயில் ஏறக்குறைய பாதி. ஏட்டுக் கணக்கில் பாம் எண்ணெய் முந்துகிறது. ஆனால் கறுத்து, நுரைத்து, கமறல் வாசம் வந்த எண்ணெயை அடுத்த வார ரொட்டிக்கு என்று போத்தலில் ஊற்றி வைத்தால் இரண்டும் ஒன்றுதான். வகையைப் பற்றிய சண்டையைவிட, மிச்ச எண்ணெயைக் கொட்டும் மனசு முக்கியம்.

குடிப்பதற்கு வருவோம். இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனிக்கான வண்ணக் குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, இடையில் உள்ளதெல்லாம் செம்மஞ்சள். சிவப்பைத் தவிர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஏமாந்துபோக இடமுண்டு. 100 மில்லிலீற்றருக்கு 8 கிராம் உள்ள செம்மஞ்சள் சோடாவை 400 மில்லிலீற்றர் குடித்தால் 32 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. பெரியவர் ஒருவருக்கு நாள் முழுதும் சேர்த்து 25 கிராமோடு நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணியும், கடித்துக்கொள்ள ஒரு சிறு துண்டுக் கருப்பட்டியும் குளிருக்கும் ஏற்றவை, விலையும் குறைவு. கருப்பட்டியும் சீனிதான் என்பதைச் சீனி வியாதிக்காரர்கள் மறக்கக் கூடாது.

தேத்தண்ணிக்கும் ஒரு நேரம் உண்டு. சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது குறையும். தோட்டப் பெண்களுக்கு இரத்தச்சோகை பழைய தொல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதே சரி.

கோழியா ஆடா என்ற வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. ஒரு நாள் விருந்தால் யாரும் கெட்டுப்போவதில்லை. கெடுப்பது மறுநாள் வரை கிடக்கும் கறி. நுவரெலியாக் குளிர் இதில் ஆளை ஏமாற்றும். கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். கிருமி பெருகாமல் தடுக்க 5 பாகைக்குக் கீழே வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடியும் அளவுக்குச் சட்டி வைப்பதே வழி. பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு கோப்பை கொடுத்தனுப்பும் வழக்கம் இதற்கும் உதவும்.

சாராயமா, பியரா, கசிப்பா? இந்த ஒப்பீட்டில் வெற்றிபெற யாருமில்லை. கள்ளத்தனமாக வடித்த கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்பதே தெரியாது. கண் பார்வை பறிபோகலாம், உயிரும் போகலாம். ‘குளிருக்கு இரண்டு கிளாஸ்’ என்ற பேச்சும் தவறு. மது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. மேலே சூடு தெரியும்போதே உடலின் உள்வெப்பம் வெளியேறுகிறது. முற்பணத்தில் பெரும்பங்கை விழுங்குவதும் இந்தப் போத்தல்தான். குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கலாம். அது அடுத்த தீபாவளிக்கும் இருக்கும். வெற்றிலை பாக்கும் லேசுப்பட்டதல்ல. புகையிலை சேர்க்காவிட்டாலும் அது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

கடைசியாக, துணிக்கடைக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று. பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து எடுப்பவர்கள் லீவு நாட்களுக்குச் சேர்த்து கிளினிக்கில் மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே 12இல் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையில் 150 கட்டில்கள் உண்டு. ஆனால் ஐப்பசி மழையில் மேல் பிரிவு லயத்திலிருந்து அங்கே போய்ச் சேருவது லேசான காரியமில்லை. நெஞ்சு வலித்தால் ஆட்டோ தேடி அலையாமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.