ஆண் பூச்சியின் மூக்கு

பருத்திச் செடியில் காய் பிடித்திருக்கிறது. பச்சையாக, உருண்டையாக நன்றாக இருக்கிறது. வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. பறித்துப் பிளந்து பார்த்தால் உள்ளே ஒரு புழு. அது விதையைத் தின்றுகொண்டிருக்கிறது. பஞ்சு கறைபட்டுக் கிடக்கிறது.

இதுதான் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் பருத்தி போடுகிறவர்களுக்கு இதை நன்றாகத் தெரியும். குஜராத்திலும் தெலங்கானாவிலும் தெரியும்.

முட்டையிலிருந்து வந்த புழு மிகச் சிறியது. அது சீக்கிரமே காய்க்குள் துளைத்துப் போய்விடும். காய் வளர வளரத் துளை மூடிக்கொள்ளும். அதன் பிறகு மருந்து அடித்தால் புழுவின் மேல் படாது. காசுதான் வீண்.

2002இல் நம் நாட்டில் பி.டி. பருத்தி விதை வந்தது. சில ஆண்டுகள் புழு அடங்கி இருந்தது. பிறகு அந்தப் பருத்தியைத் தின்றும் சாகாத புழுக்கள் பெருகின. 2017இல் மகாராஷ்டிரத்தில் பல இடங்களில் காய்ப்புழு பயிரை அழித்தது. அதே ஆண்டில் யவத்மாள் மாவட்டத்தில் இன்னொரு கொடுமையும் நடந்தது. வயலில் பூச்சிமருந்து அடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

ஆகவே எப்போது மருந்து தேவை, எப்போது தேவையில்லை என்று தெரிய வேண்டும். காய்க்குள் ஒளிந்திருக்கும் புழுவை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் புழுவைப் பெறும் தாய் தகப்பனைக் கவனிக்க முடியும்.

புழு வளர்ந்து கூட்டுப்புழு ஆகிறது. கூட்டுப்புழுவிலிருந்து அந்துப்பூச்சி வருகிறது. இது பழுப்பு நிறமான சின்னப் பூச்சி. பகலில் மண்ணிலும் சருகிலும் பதுங்கிக் கிடக்கும். இரவில் பறக்கும். பெண் பூச்சி நூறு முட்டைக்கு மேல் இடும். அதற்கு முன் ஆணும் பெண்ணும் சேர வேண்டும்.

பரந்த வயல். கும்மிருட்டு. ஆண் எங்கோ இருக்கிறது, பெண் எங்கோ இருக்கிறது. ஆண் எப்படி வழி கண்டுபிடிக்கும்?

பெண் குரல் கொடுப்பதில்லை. வயிற்றின் நுனியில் உள்ள சுரப்பியை வெளியே நீட்டுகிறது. ஒரு வாசனை காற்றில் கலக்கிறது. மனித மூக்குக்கு அது தெரியாது. ஆண் பூச்சிக்குத் தெரியும். இந்த வாசனைப் பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர்.

பிரான்ஸ் நாட்டில் ஃபாபர் என்ற அறிஞர் இருந்தார். 1823இல் பிறந்தவர். பூச்சிகளைப் பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். ஒருமுறை அவர் ஒரு பெரிய பெண் அந்துப்பூச்சியைக் கம்பிவலைக் கூண்டில் வைத்தார். அன்று இரவே சுமார் 40 ஆண் பூச்சிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. எட்டு இரவுகளில் 150 வந்தன. காற்றுப் போகாமல் மூடி வைத்த பெட்டியில் பெண்ணை வைத்தபோது ஒன்றுகூட வரவில்லை. பக்கத்தில் நாப்தலின் உருண்டைகளை வைத்துப் பார்த்தார். நமக்கு மூக்கைத் துளைக்கும் நெடி. ஆண் பூச்சிகளோ அதைப் பொருட்படுத்தாமல் வந்தன.

அந்த வாசனை என்ன பொருள் என்று கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் பூட்டெனாண்ட். அவர் பட்டுப்பூச்சியை எடுத்துக்கொண்டார். சுமார் 20 ஆண்டுகள் ஆயின. சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகள் தேவைப்பட்டன. 1959இல் அவர் கையில் கிடைத்த பொருளின் எடை சில மில்லிகிராம்தான். ஓரிரு கடுகின் எடை! ஆனால் அதில் துளியிலும் துளியைக் காட்டினாலே ஆண் பட்டுப்பூச்சி சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தது. பட்டுப்புழு முட்டைக் கூடங்களில் வேலை செய்கிறவர்கள் இந்தப் படபடப்பைப் பார்த்திருப்பார்கள்.

பூச்சியின் முகத்தில் நம்மைப் போல மூக்கு இல்லை. தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருக்கின்றன. அவைதான் மூக்கு. ஆண் பட்டுப்பூச்சியின் கொம்பு இருபுறமும் பல் வைத்த சீப்பைப் போல இருக்கும். ஒவ்வொரு கொம்பிலும் வாசனை பிடிக்கும் நுண்ணிய முடிகள் சுமார் 17,000 உண்டு. அந்த முடிகளின் மேல், கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு.

வாசனைத் துகள் முடியின் மேல் ஒட்டுகிறது. துளை வழியாக உள்ளே போகிறது. உள்ளே ஒரு நீர் இருக்கிறது. அந்த நீரில் ஓடக்காரனைப் போல ஒரு புரதம் காத்திருக்கிறது. அது துகளை ஏற்றிக்கொண்டு நரம்பின் கரைக்குக் கொண்டுபோகிறது. நரம்பில் ஒரு பூட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துகள்தான் அதற்குச் சாவி. வேறு வாசனை அந்தப் பூட்டைத் திறக்காது. நாப்தலின் தோற்றுப்போனதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

ஒரே ஒரு துகள் பட்டாலும் நரம்பு துடிக்கும். வேலை முடிந்ததும் உள்ளே இருக்கும் நொதி அந்தத் துகளைச் சிதைத்துவிடும். பழைய வாசனை தங்கினால், புதிய வாசனை வருகிறதா இல்லையா என்று பூச்சிக்குத் தெரியாமல் போய்விடும்.

இது மிக அவசியம். ஏனென்றால் காற்றில் வாசனை நூல் பிடித்தாற்போல் வருவதில்லை. அடுப்புப் புகையைப் போலத் திட்டுத் திட்டாக வருகிறது. வாசனை பட்டதும் ஆண் பூச்சி காற்றை எதிர்த்துப் பறக்கிறது. வாசனை விட்டுப்போனால் குறுக்கும் நெடுக்கும் பறந்து தேடுகிறது. மறுபடி கிடைத்ததும் முன்னே போகிறது.

காய்ப்புழுவின் அந்துப்பூச்சிக்குக் கொம்பு சீப்புப் போல இல்லை, நூல் போல இருக்கும். வேலை அதேதான். அதன் பெண் விடும் வாசனையில் இரண்டு பொருள்கள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்திருக்கின்றன. 1973இல் இது தெரிந்தது. இப்போது அதைச் செயற்கையாகச் செய்கிறார்கள். சிறு ரப்பர் துண்டில் ஊறவைத்து இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கிறார்கள். பெண் இருக்கிறது என்று நம்பி வரும் ஆண், பைக்குள் விழுகிறது.

பொறி வைக்கும் வயலில் இப்படிப் பேச்சு நடப்பது உண்டு.

“ஐயா, ஆண் பூச்சிதானே விழுகிறது? முட்டை போடுவது பெண் ஆயிற்றே?”

“சரியாகக் கேட்டீர்கள் அம்மா. தப்பித்த ஆண் ஒன்றே பல பெண்களோடு சேரும். அதனால் நாலு பொறி வைத்துப் புழுவை ஒழிக்க முடியாது. பூச்சி வந்துவிட்டது என்ற சேதியைத்தான் பொறி சொல்லும்.”

“அப்படியானால் எத்தனை பூச்சி விழுந்தால் பயப்பட வேண்டும்?”

“ஏக்கருக்கு இரண்டு பொறி வையுங்கள். தினமும் காலையில் எண்ணி எழுதுங்கள். ஒரு பொறியில் ஓர் இரவுக்கு 8 பூச்சி வீதம், தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் உடனே கவனிக்க வேண்டும். 20 காய் பறித்துப் பிளந்தும் பாருங்கள். இரண்டு காயில் சேதம் இருந்தாலும் அப்படித்தான்.”

“எட்டு விழாவிட்டால்?”

“மருந்து வேண்டாம். எண்ணிக்கொண்டே இருங்கள்.”

எண்ணி எழுதுவதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பொறியைச் செடியின் உச்சிக்குச் சற்று மேலே கட்ட வேண்டும். ரப்பர் துண்டைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி மாற்ற வேண்டும். ஒரு பூச்சிக்கு உரிய துண்டைத் தொட்ட கையால் வேறு பூச்சிக்கு உரிய துண்டைத் தொடக்கூடாது. நமக்கு இரண்டும் ஒன்றுதான். பூச்சிக்கு அப்படி அல்ல.

வேறொரு முறையும் உண்டு. இந்த வாசனை ஊறிய சிறு கயிறுகளை வயல் முழுவதும் செடிகளில் கட்டுகிறார்கள். எங்கும் பெண் வாசனை. எது உண்மையான பெண் என்று ஆணுக்குத் தெரிவதில்லை. இணை சேர்வது குறைகிறது. ஆனால் ஒருவர் மட்டும் கட்டினால் பயன் குறைவு. பக்கத்து வயலில் ஏற்கனவே இணை சேர்ந்த பெண் பூச்சி பறந்து வந்து முட்டை இட்டுவிடும். வயல்களெல்லாம் சேர்ந்து கட்டினால்தான் நல்ல பலன் தெரியும்.

பஞ்சு எடுத்து முடிந்ததும் பருத்தி மாரை வயலில் விடக்கூடாது. விரியாத காய்களில் புழு அடுத்த பருவம் வரை தூங்கும். பஞ்சு அரைக்கும் மில்லுக்குப் போகும் விதையிலும் தூங்கும். அதனால்தான் மில் வாசலிலும் பொறி வைக்கச் சொல்கிறார்கள்.