அவன் எழுத்தைக் கண்டபோதெல்லாம்

இந்த வேதபாடத்திற்கு ஆதியாகமம் 37:35, சங்கீதம் 119:92 ஆகிய வசனங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

துக்க வீட்டுக்குப் போனால், "விசுவாசி அழலாமா? ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று அடக்கிவிடுவது நம்ம சபைகளில் பழக்கமாயிற்று. நானும் அப்படிச் சொன்னவன்தான். 2017 நவம்பர் 30-ல் அடித்த ஒக்கிப் புயலுக்குப் பின், மணவாளக்குறிச்சியில் மகனைக் கடலில் இழந்த ஒரு தாயாரிடம் சொன்னேன். உடல்கூட கிடைக்கவில்லை. அவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். அதை ஜெயமென்று எண்ணி வீட்டுக்கு வந்தேன்.

பிற்பாடு ஒரு யூத ரபீயின் கடிதத்தைப் பற்றி வாசித்தபோது அந்த எண்ணம் என்னைக் குத்திற்று. அவர் பெயர் மோசே மைமோனிதீஸ். ஸ்பெயினிலுள்ள கொர்தோபாவில் 12-ம் நூற்றாண்டில் பிறந்தவர். உபத்திரவத்தினிமித்தம் குடும்பத்தோடு ஓடி எகிப்தில் குடியேறினார். பிரமாணங்களையெல்லாம் 14 புத்தகங்களாக ஒழுங்குபடுத்தினவர். "மேசியாவை ஏற்றுக்கொள்ளாதவரிடம் நமக்கென்ன பாடம்?" என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அவருடைய தம்பி தாவீது ஒரு வியாபாரி. தம்பி சம்பாதித்தார், அண்ணன் கவலையில்லாமல் வேதம் படித்தார். சுமார் 1170-ல் செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து தம்பி எழுதிய கடிதம் இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. வனாந்தரத்தைக் கடந்து வந்தேன், இங்கே வாங்கத்தக்க சரக்கில்லை, ஆகவே இந்தியாவுக்குக் கப்பலேறுகிறேன், வனாந்தரத்தில் காத்தவர் கடலிலும் காப்பார், வீட்டிலுள்ளவர்களைப் பயப்படுத்த வேண்டாம் என்பது அதன் சாரம். நம்ம பிள்ளைகள் கடலுக்குப் போகும்போது சொல்லுகிறதும் இதுதானே!

அந்தத் தாவீது இந்தியக் கடலில் மூழ்கிப்போனார். பலருடைய பணமும் கூடவே போயிற்று. விதவையும் ஒரு சின்ன மகளும் அண்ணன் கையில் மிஞ்சினார்கள்.

ஏறக்குறைய எட்டு வருஷம் கழித்து, மைமோனிதீஸ் ஆக்கோ பட்டணத்திலிருந்த யாப்பேத் என்பவருக்கு எழுதினார். (அப்போஸ்தலர் 21:7-ல் வரும் பித்தொலோமாய்தான் இந்த ஆக்கோ.) செய்தி வந்தபின் ஒரு வருஷமளவும் காய்ச்சலாய்ப் படுக்கையில் கிடந்ததாகவும், இன்னும் ஆறுதலடையவில்லை என்றும், தம்பியின் கையெழுத்தையோ கடிதத்தையோ பார்க்கும்போதெல்லாம் இருதயம் புரண்டு துக்கம் திரும்ப எழும்புகிறதென்றும் சொல்லுகிறார். யோசேப்புக்காக யாக்கோபு சொன்னதையே தனக்கும் சொல்லிக்கொள்கிறார். வேதம் மனமகிழ்ச்சியாயிராவிட்டால் அழிந்துபோயிருப்பேன் என்கிறார். அதுதான் நம்முடைய சங்கீத வசனம்.

இங்கே கவனியுங்கள். மரித்தவனுக்காக மூன்று நாள் அழுகை, ஏழு நாள் புலம்பல், முப்பது நாள் துக்கம், அதற்குமேல் மிஞ்சக்கூடாது என்று பிரமாணப் புத்தகத்தில் எழுதினவரும் இதே மனுஷன்தான்! துக்கமே கொள்ளாதவன் கொடியவன் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். வசனம் அவரை அழிவுக்குக் காத்தது, ஆனால் கண்ணீரைத் தடுக்கவில்லை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்கவேண்டாம் என்றுதான் 1 தெசலோனிக்கேயர் 4:13 சொல்லுகிறது. துக்கமே கூடாதென்று எங்கே இருக்கிறது? ஸ்தேவானுக்காக மிகவும் துக்கித்தவர்களை வேதம் பக்தியுள்ளவர்கள் என்றே அழைக்கிறது (அப். 8:2). லாசருவின் கல்லறையண்டை கர்த்தரே அழுதார்.

திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். தாயார் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றின ஒரு நோட்டை எடுத்தார்கள். டீசல், ஐஸ் கணக்கு.

"இது அவனுக்க எழுத்து பாஸ்டரே. பாக்கும்போ நெஞ்சு தாங்கல்ல. அழப்பிடாதுண்ணு சொன்னீயளே, அதான் யாருட்டயும் காட்டல்ல."

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். இருவரும் அழுதோம். சங்கீதம் 119:92-ஐ அதற்குப் பிறகுதான் வாசித்தேன்.