ரி4 வந்திட்டுதோ, தங்கச்சி?

மாசி முடியுறதுக்குள்ள வேலையிடம் உங்களுக்கு ரி4 எண்ட சம்பளக் கணக்குத் தாளைத் தரவேணும். வந்த உடனே அதை ஃபிரிட்ஜில காந்தத்தால ஒட்டிவிட்டு மறந்துபோகாமல், ஒருக்கால் கையில எடுத்து 14ஆம் பெட்டியையும் 22ஆம் பெட்டியையும் பாருங்கோ. 14இல இருக்கிறது உங்கட சம்பளம். 22இல இருக்கிறது அதில வெட்டின வரி. ஃபாக்ரரியில ஏழு மாதம் மட்டும் வேலை செய்த பிள்ளைக்கும், முழு வருஷமும் உழைக்கிற ஆளின்ர கணக்கிலதான் கிழமைக்குக் கிழமை வரி வெட்டியிருப்பினம். கூட வெட்டினது திரும்பி வரும். ஆனால் ரக்ஸ் செய்யாமல் வராது.

"எனக்குக் குறைஞ்ச சம்பளம், நான் ஏனக்கா ரக்ஸ் செய்யவேணும்?" ஸ்காபரோவுக்குப் புதுசா வந்த முக்கால்வாசிப் பேர் என்னட்டைக் கேக்கிற கேள்வி இது. நானும் வந்த புதுசில அப்படித்தான் நினைச்சனான். குறைஞ்ச சம்பளக்காரர்தான் கட்டாயம் செய்யவேணும். கனடாவில கனக்க உதவிக் காசு ரக்ஸ் கணக்கைப் பாத்துத்தான் வருது. ஒரு சதமும் உழைக்காமல் வீட்டில பிள்ளை பாக்கிற தங்கச்சியும் செய்யவேணும். புருஷன் மட்டும் செய்தால் போதும் எண்டு இருந்தால் பிள்ளைக் காசு நிண்டுபோகும்.

என்ன வரும் எண்டு சொல்லுறன். மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் ஜிஎஸ்ரி காசு. 2024 கணக்கை வைச்சு 2025 ஆடியில தொடங்கின வருஷத்துக்கு, தனி ஆளுக்கு ஆகக்கூடினது 533 டொலர். பிள்ளைக் காசு அதே வருஷத்துக்கு ஆறு வயதுக்குக் கீழ ஒரு பிள்ளைக்கு 7,997 டொலர் வரைக்கும். வருமானம் கூடக்கூட இது குறையும். பிள்ளைக் காசுக்கு உங்கட குடிவரவு நிலையையும் பாப்பினம்.

ஒருத்தரும் சொல்லித்தராதது வேர்க்கர்ஸ் பெனிபிட். வேலை செய்தும் கையில மிஞ்சாத ஆக்களுக்கெண்டே வைச்சது. வருஷத்தில 3,000 டொலருக்கு மேல உழைச்சிருக்கவேணும். 2024க்கு தனி ஆளுக்கு 1,590, குடும்பத்துக்கு 2,739 வரைக்கும் வந்தது. வெட்டின வரி பூச்சியமாக இருந்தாலும் இது கையில வரும். அதுக்கு ஷெடியூல் 6 எண்ட தாளை நிரப்பவேணும். புருஷன் பெண்சாதி இரண்டு பேரில ஒராள்தான் கேக்கலாம்.

இனி வாடகைக் கதை. முதல் வருஷம் பிளாசாவில ஒருத்தரிட்ட 80 டொலர் குடுத்து ரக்ஸ் செய்தனான். பத்து நிமிஷத்தில முடிச்சுத் தந்தார். கெட்டிக்காரன் எண்டு வியந்துகொண்டு வந்தன். அடுத்த வருஷம் கூட வேலை செய்த அக்கா ஒராள், "உமக்கு ட்ரில்லியம் வாறேல்லையோ?" எண்டு கேட்டபோதுதான் முழிச்சன். ட்ரில்லியம் எண்டது ஒன்ராறியோ அரசு குடுக்கிற உதவிக் காசு. பிளாசாக்காரர் என்னட்டை வாடகையைக் கேக்கவே இல்லை. அந்தக் காசுக்கு நிரப்பவேண்டிய ஒன்-பென் எண்ட தாள் வெறுமையாய்ப் போயிருக்கு. பிறகு திருத்தி அனுப்பித்தான் அந்தக் காசு வந்தது. ஒன்ராறியோவில பேஸ்மென்ரில இருந்தாலும், கட்டுற வாடகையை அந்தத் தாளில போடலாம். விலாசம், எத்தினை மாதம், எவ்வளவு, வீட்டுக்காரரின்ர பேர், அவ்வளவுதான் கேப்பினம்.

வீட்டுக்காரர் ரசீது தரமாட்டாரே எண்டு சொல்லுவியள். தெரியும், எங்கட ஆக்களில கனபேர் வாடகையைக் கணக்கில காட்டுறேல்லை. அதால வாடகையைக் காசாகக் குடுக்காதேங்கோ. இ-ட்ரான்ஸ்ஃபரில அனுப்பி, மெமோவில "பங்குனி வாடகை" எண்டு எழுதுங்கோ. வரி அலுவலகமான சிஆர்ஏ நாளைக்குக் கடிதம் போட்டுக் கேட்டால் பாங்க் தாளைக் காட்டலாம்.

இதுக்கெல்லாம் ஒருத்தருக்கும் காசு குடுக்கத் தேவையில்லை. சிஆர்ஏயும் ஊர் அமைப்புகளும் சேர்ந்து 1971இல இருந்து இலவச ரக்ஸ் கிளினிக் நடத்துகினம். கூடுதலாகப் பங்குனி சித்திரையில, லைப்ரரியிலும் கொம்யூனிற்றி சென்ரரிலும் இருக்கும். தொண்டர்கள் இருந்து செய்து தருவினம். வருமானத்துக்கு ஒரு எல்லை இருக்கு, குடும்பம் பெரிசானால் அதுவும் கூடும். ஊபர் ஓடுறவையின்ர கணக்கு சொந்தத் தொழில் கணக்கு, அதைக் கனக்கக் கிளினிக்குகள் எடுக்கமாட்டினம். முதல் போனில கேட்டுவிட்டுப் போங்கோ.

போகேக்க சின் நம்பர், அடையாள அட்டை, இரண்டு இடத்தில வேலை எண்டால் இரண்டு ரி4, போன வருஷத்து அசெஸ்மென்ற் கடிதம், வாடகை விபரம், பாங்க் விபரம் எல்லாத்தையும் ஒரு பைக்குள்ள போட்டுக் கொண்டு போங்கோ. பக்கத்து வீட்டு அம்மா பிள்ளையைப் பாக்கிறா எண்டால் அவவின்ர சின் நம்பரோட ரசீது வேணும். அவ தரமாட்டன் எண்டால் பிள்ளை பாக்கிற செலவுக்கான வரிக் கழிவு இல்லை. அதுக்காக அவவோட கோவிக்கவும் ஏலாது, பிள்ளை பாக்கிற ஆள் கிடைக்கிறதே பெரும்பாடு!

"உடனே காசு" எண்டு போர்ட் போட்டிருக்கிற கடைக்குப் போகவேண்டாம். திரும்பி வாற காசில முதல் 300 டொலருக்கு 15 வீதமும், மிச்சத்துக்கு 5 வீதமும் வரைக்கும் எடுக்கச் சட்டமே விடுது. 1,800 டொலர் வரவேண்டிய இடத்தில 120 டொலர் போயிடும். டிரெக்ற் டிபொசிற் போட்டு இணையத்தில அனுப்பினால் பெரும்பாலும் இரண்டு கிழமையில உங்கட கணக்கிலேயே விழுற காசு அது.

போன வருஷங்கள் விட்டுப்போச்சு எண்டு பயப்பிடாதேங்கோ. கூட வெட்டின வரியைப் பத்து வருஷம் பின்னால போயும் கேக்கலாம். கிளினிக்கில பழைய வருஷத்து ரி4களையும் காட்டுங்கோ.

கடைசி நாள் சித்திரை 30. கிளினிக்கில நேரம் பங்குனியிலேயே நிரம்பத் தொடங்கிவிடும். உதவிச் சேவைகளின்ர விபரம் சொல்லுற 211 எண்ட போன் நம்பருக்கு அடிச்சு, தமிழில கதைக்கவேணும் எண்டு சொல்லி, கிட்ட இருக்கிற கிளினிக்கை இந்தக் கிழமையே கேளுங்கோ.